கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாதவர்

நம் ஊர்களில் ஓர் இனம் உண்டு. இன்ன தொழில், இன்ன படிப்பு, இன்ன வயது என்று அதை அடைத்துவிட முடியாது. யார் வீட்டிலாவது மோட்டார் தண்ணீர் ஏற்றவில்லை, மிக்ஸி சுற்றவில்லை, டிவியில் கோடு விழுகிறது, ஸ்கூட்டர் கிளம்ப மறுக்கிறது என்றால் போதும். யாரும் தண்டோரா போடாமலே இவருக்குத் தகவல் எட்டிவிடும். வருவார். செருப்பைக் கழற்றும்போதே "தள்ளுங்க" என்பார். நீங்கள் தள்ளிவிடுவீர்கள். அதுதான் நீங்கள் செய்யும் முதல் தவறு.

இவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் கைவைப்பவர். என்ன கோளாறு என்று உங்களைக் கேட்பார். பதில் சொல்ல நீங்கள் வாயைத் திறப்பதற்குள் எதையாவது கழற்றியிருப்பார். டாக்டராவது நாக்கை நீட்டச் சொல்லி ஒரு பார்வை பார்க்கிறார். இவருக்கு அந்தத் தாமதமும் ஆகாது. "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று ஆரம்பிப்பார், "இத யாரு மாட்டுனது?" என்று நடுவில் உறுமுவார், எல்லாம் கெட்டு முடிந்த பிறகு "இது மொதல்லயே இப்பிடித்தாங்க இருந்துச்சு" என்று கைகழுவப் போவார். பழுது நீங்கினால் அது இவருடைய கைராசி. நீங்காவிட்டால் அது உங்கள் பொருளின் ராசி. உலகத்தில் எந்த வேலையை வேண்டுமானாலும் இவரிடம் கொடுக்கலாம், ஒன்றைத் தவிர. சற்று நேரம் சும்மா இருங்கள் என்று மட்டும் சொல்லக் கூடாது.

ஆளைக் காட்டாமல் இனத்தை மட்டும் ஏசுவது நியாயமில்லை. ஆகவே, அறந்தாங்கி எழிலரசனை உங்கள் முன் நிறுத்துகிறேன்.

எழிலரசன் மஸ்கட்டில் ஒரு கம்பெனியின் ஸ்டோரில் பல வருஷம் வேலை பார்த்தவர். சிமெண்ட் மூட்டையும் இரும்புக் குழாயும் எண்ணி அனுப்பும் வேலை. ஒருநாள் அங்கிருந்த கம்ப்யூட்டர் அசையாமல் நின்றுவிட, எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டிருக்க, இவர் போய்ப் பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகினார். அது ஓடியது. மேனேஜர் இவர் தோளில் தட்டினார். அன்றைக்கு எழிலரசனுக்குள் ஓர் இன்ஜினியர் பிறந்தார். பிறந்தவர் அதற்குப் பிறகு வளரவேயில்லை.

ஊர் திரும்பியபின் உறவுக்காரர் வீடுகள் அவருடைய சாம்ராஜ்யமாயின. சித்தப்பா வீட்டு இன்வர்ட்டர் பீப் பீப் என்று கத்துகிறது என்று கைவைத்தார். இப்போது கரண்ட் போனால் அது கத்துவதில்லை, விளக்கும் எரிவதில்லை. ஒரு கல்யாண வீட்டில் கிரைண்டரில் கைவைத்தார். அன்றைக்கு ஊரே உப்புமா சாப்பிட்டது. அவருடைய சொந்த வீட்டில் ஏதாவது பழுதானால் மட்டும் அவர் மனைவி வாயைத் திறக்கமாட்டார். அவர் வெளியே கிளம்பும்வரை காத்திருந்து மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிடுவார். சாம்ராஜ்யத்துக்குள் புத்திசாலியாக ஒருவராவது இருக்க வேண்டாமா?

இந்த எழிலரசனின் தங்கை சுகுணாவை ஆவுடையார்கோவிலில் உடையப்பனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தது. உடையப்பன் உரக்கடை வைத்திருப்பவர். யூரியா மூட்டையைத் தொட்டுப் பார்த்தே ஈரம் சொல்லக் கூடியவர். மனைவியின் அண்ணன் என்றால் எழுந்து நிற்கக் கூடியவர். இவர்களுடைய ஒரே மகள் தேவிப்ரியா. கட்டப்போகும் வீடுகளைக் கட்டி முடித்த வீடுகள்போலக் கம்ப்யூட்டரில் படமாக வரைந்து காட்டும் வேலையை அவள் கற்றிருந்தாள். கோயம்புத்தூரில் ஒரு நிறுவனம், வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம், அதற்கு முன் ஒரு மாதிரி வீட்டை வரைந்து திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தது. அவளுடைய பழைய லேப்டாப்பில் ஒரு சுவரை நகர்த்தினால் அது விமானம்போல் இரைந்துவிட்டு மயக்கம் போட்டுவிடும். "சித்திரை வரைக்கும் பாப்போம்த்தா, வேல அமையலன்னா கல்யாணத்தப் பேசிருவோம்" என்று உடையப்பன் சொல்லிவைத்திருந்ததால், அவளுக்கு அந்தத் திங்கட்கிழமை சாதாரணத் திங்கட்கிழமை அல்ல.

திருச்சிக் கடையிலிருந்து பாகம் பாகமாக வரவழைத்து, கூடத்து மேசையில் துணி விரித்து, அவளே உட்கார்ந்து ஒவ்வொரு திருகாக முறுக்கி, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு புதுக் கம்ப்யூட்டரைப் பூட்டி முடித்தாள். சுகுணா அதற்கு விபூதி பூசிக் குங்குமம் வைத்தாள். தேவிப்ரியா பொத்தானை அழுத்தினாள். காத்தாடி சுற்றியது. உள்ளே விளக்குகள் மினுக்கின. திரை மட்டும் அடுப்புக்கரியாக இருந்தது.

"என்னத்தா, படமே வரல?" என்றார் உடையப்பன்.

மாட்டியது எல்லாம் சரிதானா, எதையாவது தலைகீழாகச் செருகிவிட்டோமா என்று தேவிப்ரியா மனதுக்குள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். ஆனால் அவள் எதையும் பிடுங்கவில்லை. திருச்சிக் கடைக்குப் போன் போட்டாள். கடைக்காரர் நிதானமான மனிதர். "பயப்படாதீங்கம்மா. இது புது மாதிரி மெமரி. மொத தடவ ஆன் பண்ணா, மெஷினே அதச் சோதிச்சுப் பாத்துக்கும். அதுவரைக்கும் திரை கருப்பாத்தான் கெடக்கும். கொஞ்ச நேரம் ஆகும். நடுவுல ஆஃப் பண்ணா மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கும். அத விட்டுட்டு ஒரு டீயக் குடிங்க."

எவ்வளவு எளிய வைத்தியம்! ஒரு டீ. அதைக் குடித்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. ஆனால் அவள் போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது, சுகுணாவும் தன் போனை வைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணேன்கிட்டச் சொல்லிட்டேன். இங்கிட்டு நாகுடிப் பக்கம்தான் வந்திருக்காராம். இந்தா வாரேன்னுட்டாரு."

வந்துவிட்டார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. உடையப்பன் "வாங்க மச்சான்" என்று நாற்காலியை இழுத்துப் போட, அதில் உட்காராமல் நேரே மேசைக்குப் போய், ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரின் சுவிட்சைப் பட்டென்று அணைத்தார்.

"மாமா, அத ஆஃப் பண்ணாதீங்க! கடையில என்ன சொன்னாங்கன்னா..."

"ஓடுற வண்டியிலயா ஆத்தா செயின் மாட்டுவாங்க? அதெல்லாம் ஒண்ணுமில்ல. தள்ளு."

தாய்மாமன். நாளைக்குச் சீர் தூக்கிக்கொண்டு வரவேண்டியவர். அவரைத் தடுக்க அந்த வீட்டில் யாருக்கு வாய் இருக்கிறது? தள்ளினாள்.

மீண்டும் போட்டார். திரையை முறைத்தார். மெஷின் தன் சோதனையைப் பாவம் அ, ஆவிலிருந்து தொடங்கியது. இ வரைக்கும் போக அவர் விடவில்லை. அணைத்தார். கேபிளைப் பிடுங்கி மாட்டிப் போட்டார், அணைத்தார். திரையின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டிப் போட்டார், அணைத்தார். வீட்டு டிவியின் கேபிளைக் கழற்றி இதில் மாட்டினார், அணைத்தார். ஞாயிற்றுக்கிழமைச் சீரியல் மறுஒளிபரப்பு போனதில் சுகுணாவுக்கு வருத்தம்தான், ஆனாலும் அண்ணன் பாடுபடுகிறாரே! பிறகு எழிலரசன், வீட்டில் ரப்பர் இருக்கிறதா என்று கேட்டார். பென்சில் எழுத்தை அழிக்கிற ரப்பர்.

ரப்பர் எதற்கு என்கிறீர்களா? கைவைப்பவர்களின் மருத்துவ சாஸ்திரத்தில் கம்ப்யூட்டரின் சகல நோய்க்கும் ஒரே மருந்து அதுதான். மெமரியைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை ரப்பரால் தேய்த்து, வாயால் ஊதி மாட்டுவது. பத்து வருஷத் தூசி பிடித்த மெஷினுக்கு அது ஒருவேளை பொருந்தும். இது நேற்றுத்தான் உறையிலிருந்து பிரித்தது. அதையும் தேய்த்தார். எச்சில் தெறிக்க ஊதினார். "பாத்தியா, எம்புட்டு அழுக்கு!" என்று ரப்பரின் தூளையே அவளிடம் காட்டினார்.

அதோடு விட்டாரா? உள்ளே இருந்த சின்ன பேட்டரியையும் நெம்பி எடுத்து, வேட்டியில் துடைத்து மாட்டினார். அதைக் கழற்றினால் மெஷின் அதுவரை கற்றதெல்லாம் மறந்து மறுபடி பச்சைக் குழந்தையாகிவிடும் என்று தேவிப்ரியா சொன்னாள். சுவரிடம் சொல்லியிருக்கலாம்.

இந்தக் கட்டத்தில் பக்கத்து வீட்டுப் பிச்சை உள்ளே வந்தார். இவரும் அதே இனம், வேறு கிளை. மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். மைக் இரைந்தால் எர்த் கம்பி போட்டுப் போட்டே பழகியதால், உலகத்தின் சகல துன்பங்களும் எர்த் இல்லாமையால்தான் விளைகின்றன என்பது அவருடைய முடிவு. மேசையை எட்டிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"இதுல எர்த் இல்லங்க."

"எர்த்தா?" எழிலரசன் ஸ்குரூ டிரைவரை இறக்கினார். "மஸ்கட்டுல இருவது மாடிக்கு மேல கம்ப்யூட்டர் வச்சிருக்கான். அவன் எங்கிட்டுப் போயி எர்த் எடுப்பான்?"

"அங்கிட்டு மணலுங்க. இங்கிட்டுக் களிமண்ணு. மண்ணுக்கு மண்ணு மாறுமுல்ல?"

இந்தப் பதிலுக்கு ஏதாவது அர்த்தம் உண்டா? கிடையாது. ஆனால் எழிலரசன் யோசித்துவிட்டு, "அதுவும் பாயிண்டுதான்" என்றார். இரண்டு கைவைப்பவர்கள் சந்தித்தால் சண்டை வரும் என்று நினைப்பீர்கள். வராது. பொருள்தான் இரண்டு மடங்கு சேதமாகும். கொஞ்ச நேரத்தில் பிச்சை கொல்லையில் ஓர் ஆணியை அடித்து, உப்புத் தண்ணீர் ஊற்றி, அங்கிருந்து ஒரு கம்பியை ஜன்னல் வழியே இழுத்துவந்து கம்ப்யூட்டர் பெட்டியின் காலில் கட்டிவிட்டார். குங்குமப் பொட்டும் கம்பியுமாக அது, நேர்ந்துவிட்ட கிடாயைப்போல நின்றது.

திரை அப்போதும் கருப்புத்தான். போட்ட வேகத்தில் அணைத்தால் வேறு எப்படி இருக்கும்?

தேவிப்ரியா கடைசி முயற்சியாக மறுபடி திருச்சிக்குப் போன் போட்டு, "நீங்களே எங்க மாமாகிட்டச் சொல்லுங்க சார்" என்று நீட்டினாள். எழிலரசன் வாங்கினார். கடைக்காரர் பேசுவது இவளுக்குக் கேட்டது: சார், ஒண்ணும் செய்யாம விட்டாலே...

"தம்பி," என்றார் எழிலரசன். "நீங்க டவுசர் போட்டுக்கிட்டுத் திரியிறப்பவே நான் கம்ப்யூட்டரு பாத்தவன். ஒண்ணும் செய்யாம விட்டா எப்பிடி வரும்? பயிரா அது, தானா மொளைக்க?"

போனை அணைத்தார். எதையும் அணைக்கும் கை அல்லவா? பிறகு தீர்ப்பு வந்தது. "மாப்ளே, கடைக்காரன் டூப்ளிகேட்ட தலையில கட்டிட்டான். அதோட இது பொம்பளப்புள்ள பாக்குற வேல இல்ல. எதையோ மாத்தி மாட்டியிருக்கு. பிராசசர வெளிய எடுத்துப் பாத்துருவோம்."

காத்தாடியின் திருகுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. அதற்குக் கீழே, தலைமுடியைவிட மெல்லிய ஊசிகள் நூற்றுக்கணக்கில் அடுக்கிய குழியில், கம்ப்யூட்டரின் மூளை உட்கார்ந்திருந்தது. ஓர் ஊசி வளைந்தால் அந்தப் பலகையையே தூக்கிப் போட வேண்டியதுதான். எழிலரசன் ஸ்குரூ டிரைவரின் நுனியால் அதன் கொக்கியைத் தேடினார்.

தேவிப்ரியா தன் உள்ளங்கையை விரித்து அதன்மேல் வைத்துவிட்டாள்.

"கைய எடு ஆத்தா."

"எடுக்கமாட்டேன் மாமா. இதத் தொடாதீங்க."

"தேவி! மாமாகிட்ட என்ன பேச்சு இது?" என்றாள் சுகுணா.

"இது போச்சுன்னா நாளைக்கு நான் எதுல வரஞ்சு அனுப்புறது? மாமா மஸ்கட்டுலேருந்து வரவச்சுத் தருவாரா?" இன்னொரு கையையும் அதன்மேல் வைத்துக்கொண்டாள்.

கைவைப்பவரின் கையைப் பிடித்துவிட்டால் அவருக்கு மிஞ்சுவது கோபம் ஒன்றுதான். எழிலரசன் ஸ்குரூ டிரைவரை மேசைமேல் எறிந்தார். "அப்ப நீயே பாத்துக்க. பெரியவுக சொன்னாக் கேக்காத வீட்டுல எனக்கென்ன சோலி? மாப்ளே, நான் கெளம்புறேன்."

தங்கை வீட்டிலிருந்து அண்ணன் சாப்பிடாமல் போவதா? சுகுணா அழவே ஆரம்பித்துவிட்டாள். உடையப்பன் மச்சானின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "காலையிலதான் மச்சான் மீமிசல் நண்டு வாங்கியாந்தேன். ஒரு வாய் சாப்புட்டுப் போங்க. பிச்சையண்ணே, நீங்களும் வாங்க." நண்டு என்ற சொல்லுக்குக் கோபம் சற்று இறங்கியது. இருவரும் அடுப்படிக்குப் பக்கத்து அறையில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள்.

தேவிப்ரியா கூடத்தில் தனியாக நின்றாள். எர்த் கம்பியை அவிழ்த்தாள். காத்தாடியை மாட்டினாள், மெமரியைத் துடைத்துச் செருகினாள், கேபிளை இருந்த இடத்தில் வைத்தாள். பொத்தானை அழுத்தினாள். கூடத்துக் கதவைச் சாத்தினாள். நேரே வந்து அம்மாவின் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

"நான் பரிமாறுறேன்மா. மாமா கோச்சுக்கிட்டாரே."

நண்டு அவசரத்துக்கு ஆகாத சாப்பாடு என்பது உங்களுக்குத் தெரியும். ஓட்டை உடைக்க வேண்டும், காலைக் கடிக்க வேண்டும், உறிஞ்ச வேண்டும், உள்ளே ஒளிந்திருக்கும் சதையை விரலால் நோண்ட வேண்டும். இரண்டு கையும் முழங்கைவரை குழம்பாகிவிடும். அந்த மாவட்டத்தின் ஆபத்தான நான்கு கைகள் அன்றைக்குத்தான் முதல்முறையாக ஓர் உருப்படியான வேலையில் அடங்கிக் கிடந்தன.

அவள் வைத்துக்கொண்டே இருந்தாள். காது மட்டும் கூடத்துப் பக்கம். எச்சில் பட்ட மெமரி பிழைத்திருக்குமா? பேட்டரியை நெம்பியபோது எதுவும் உடைந்திருக்குமா? கடைக்காரர் சொன்னது சரிதானா, இல்லை மாமா சொன்னதுபோல் தான்தான் எதையாவது மாற்றி மாட்டிவிட்டோமா?

"என்னதான் ஆச்சுன்னு ஒரு எட்டுப் பாத்துட்டு வாரேன்" என்று எழிலரசன் எழப் பார்த்தார். பாவம், பழக்கம் விடுமா?

"கை பூராம் கொழம்பு மாமா. இந்தக் கொடுக்குலதான் சதை நெறையா இருக்கு. ஒடச்சுட்டுப் போங்க."

உட்கார்ந்தார். உடைத்தார். பிச்சையும் தன் இலையை அவள் பக்கம் தள்ளினார். இன்னொரு நண்டு விழுந்தது.

தயிர் எடுக்கக் கூடத்து ஃபிரிட்ஜுக்குப் போன சுகுணாவின் குரல் வீடு அதிரக் கேட்டது. "ஏத்தா தேவி! அதுல என்னமோ எழுத்தெல்லாம் வந்து நிக்கிதுத்தா!"

கரண்டியோடு ஓடினாள். திரை வெளிச்சமாக இருந்தது. வெள்ளை எழுத்தில் தன் பெயர், தன் மெமரி, தன் மூளை எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, அடுத்து என்ன என்று கேட்டுக்கொண்டு நின்றது. தேவிப்ரியா முகத்தைப் பொத்திக்கொண்டாள். குழம்புக் கை என்பதுகூட நினைவில் இல்லை.

பின்னாலேயே நான்கு கைகளும் விரல் சூப்பியபடி வந்து சேர்ந்தன.

"நான் சொன்னேன்ல?" என்றார் எழிலரசன். "ரப்பர் போட்டுத் தேச்சேன் பாருங்க, அது சூடேறி இப்பத்தான் புடிச்சிருக்கு."

"எர்த்துங்க," என்றார் பிச்சை. "கம்பி கட்டுனதுல உள்ள கெடந்த கரண்டெல்லாம் எறங்கிருச்சு."

"யாரும் தொடாததால வந்துச்சு மாமா," என்றாள் தேவிப்ரியா. தெளிவாக, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்.

எழிலரசன் சிரித்தார். "புள்ளைக்கு வெளையாட்டு" என்று உடையப்பனைப் பார்த்தார். உடையப்பனும் சிரித்துவைத்தார். உண்மை அந்த வீட்டுக்குள் வந்து, உட்கார இடமில்லாமல், வந்த வழியே போய்விட்டது.

திங்கட்கிழமை மத்தியானமே அவள் வரைந்து அனுப்பிவிட்டாள். அந்த வாரக் கடைசியில் கோயம்புத்தூரிலிருந்து போன் வந்தது. வேலை கிடைத்தது. கல்யாணப் பேச்சு சித்திரையைத் தாண்டிப் போனது. உடையப்பன் உரக்கடையில் வருகிறவர்களிடமெல்லாம் மகளைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிறார். சொல்லி முடிக்கும்போது, "மச்சான் அன்னைக்கு வந்து சரிபண்ணிக் குடுக்கலன்னா ஒண்ணும் நடந்திருக்காதுங்க" என்று சேர்த்துக்கொள்கிறார். எழிலரசனுக்கு இப்போது மணமேல்குடிவரை கிராக்கி. ஊர் ஊராகப் போய் ஊதுகிறார். தேவிப்ரியா முதல் சம்பளத்தில் தன் அறைக் கதவுக்கு உட்புறம் ஒரு தாழ்ப்பாள் வாங்கிப் போட்டாள். அவள் பட்டத்தைவிடப் பெரிய படிப்பு அது.

இவ்வளவு நேரம் எழிலரசனைப் பார்த்துச் சிரித்தீர்கள். நல்லது. திரை கருப்பாக இருக்கிறது என்று நான் எழுதிய இடத்தில், உங்கள் மனதுக்குள் யாரோ "கேபிள் லூசா இருக்கும்" என்று சொன்னாரே, அவர் யார்? கடைக்காரர் காரணத்தைச் சொன்ன பிறகும், "அது சரி, இருந்தாலும் ஒரு தடவை கழற்றி மாட்டிப் பார்த்தால் என்ன?" என்று அரித்ததே, அது யாருடைய விரல்? உங்கள் தெருவில் உங்கள் தலையைக் கண்டதும் யாராவது எதையாவது துணிபோட்டு மூடுகிறார்களா என்று எப்போதாவது கவனித்ததுண்டா? கடைசியாக ஒன்றே ஒன்று கேட்கிறேன், நிதானமாக யோசித்து...

பார்த்தீர்களா, "நான் அப்படியில்லை" என்று அதற்குள் சொல்லிவிட்டீர்கள். நான் இன்னும் கேட்டு முடிக்கவே இல்லையே.